இரண்டு பூட்டு, ஒரே வளையம்

சாவிக்காரிக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. பீரோ திறக்கவில்லை, சாவி தொலைந்துபோச்சு என்று யாராவது ஆள் அனுப்பினால், போன உடனே அவள் தன் பையைத் திறக்க மாட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்பாள். குடித்துக்கொண்டே, அந்த வீட்டில் இருப்பதிலேயே சின்ன உருப்படி எதுவோ அதைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சாவி எங்க செல்லம் இருக்கு?" என்று கேட்பாள். பெரியவர்கள் சிரிப்பார்கள். சின்ன உருப்படி சிரிக்காது. பாதி வீடுகளில் அது நேராகப் போய், கடிகாரத்துக்குப் பின்னாலிருந்தோ மாவு டப்பாவுக்கு அடியிலிருந்தோ சாவியை எடுத்துவந்து கையில் கொடுத்துவிடும். வந்த கூலியை வாங்கிக்கொண்டு அவள் கிளம்பிவிடுவாள்.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஒரு பொருளை ஒளித்து வைக்கிறவர், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பார். தரையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பதை அவர் ஆளாகவே சேர்ப்பதில்லை.

ஊரான் வீட்டிலெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டவள், தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் மட்டும், மகள் தினமும் போய் விளையாடுகிற இந்த மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் போய் அதையெல்லாம் கேட்பார்களா என்று இருந்துவிட்டாள். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அதற்காகத் தன்னையே அவள் திட்டிக்கொண்ட திட்டை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கு மகளின் பென்சில் டப்பாவைத் துடைக்க எடுத்தாள். குட்டிக்கு ஏழு வயது. டப்பாவுக்குள் மூன்று பென்சில், ஒரு அழிப்பான், கடித்துத் துப்பிய பேனா மூடி, அவற்றோடு கட்டைவிரல் தடிமனில் சிவப்பாக ஒரு குழாய். குழாயின் அடியில் பித்தளைத் தொப்பி. மேல்வாய் மடித்து மூடியிருந்தது.

"அது லிப்ஸ்டிக்மா," என்றாள் குட்டி. "மாமா வீட்ல வாலு வெச்ச விளையாட்டுக் கடையில வாங்கினேன். மூடி திறக்கவே மாட்டேங்குது. நீ உன் அரத்தால ராவித் திறந்து குடேன்."

சாவிக்காரி அதைத் திருப்பிப் பார்த்தாள். இருபது வருஷமாக உலோகத்தோடு மல்லுக்கட்டுகிற கை அது. பித்தளைத் தொப்பியின் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. அதில் ஒரு பள்ளமோ கீறலோ இல்லை. சுடாத தோட்டா. மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டி, பல்லால் கூடக் கடித்துப் பார்த்திருக்கிறாள். மேல்வாயில் குட்டிப் பல்லின் தடம் தெரிந்தது.

அது யாருடைய தோட்டா என்று கேட்கவே வேண்டியதில்லை. அந்தத் தெருவில் துப்பாக்கி இருப்பது ஒரே வீட்டில்தான். அண்ணன் ஒரு பாங்கின் வாசலில் காவல் நிற்கிறவர். துப்பாக்கி பாங்கு கொடுத்ததல்ல, அவருடைய சொந்தத் துப்பாக்கி, அவர் பெயரில் லைசன்ஸ். இரட்டைக் குழல். அதனால் தெருவே அவரை 'டபுள்' என்றுதான் கூப்பிடும். இருபத்திரண்டு வருஷத்தில் அது சுட்டதெல்லாம் லைசன்ஸ் புதுப்பிக்கும்போது குறிக்கு வைக்கிற அட்டையைத்தான். ஆனால் மாலையில் தோளில் அதை மாட்டிக்கொண்டு அவர் தெருவில் நடந்து வந்தால், சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

சாவிக்காரியும் அந்தத் துப்பாக்கியின் நிழலில் பிழைத்தவள்தான். அதை அவள் மறைக்கிறதில்லை. அவளுடைய பெட்டிக்கடையை அந்த முனையிலிருந்து எடுக்கச் சொல்லி நாலு பேர் மிரட்டியபோது, அண்ணன் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பத்து நாள் உட்கார்ந்திருந்தார். பதினோராவது நாள் மிரட்ட ஆளில்லை. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும், லாரி ஓட்டுகிற ஒருத்தருக்குக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். கணவர் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பள்ளிக்கூடம் விட்டதும் குட்டி போகிற இடம் மாமா வீடு. அங்கே அத்தை இருக்கிறாள், அவர்கள் மகள் ஒன்பது வயது வாலு இருக்கிறாள், அம்மா கடையை மூடிவிட்டு வரும்வரை விளையாட்டுக்குக் குறைச்சல் இல்லை.

அந்த வீட்டுக்குத்தான் அவள் தோட்டாவைக் கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். மகளும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அண்ணன் முழங்கால் பிசகி மூன்று வாரமாக லீவில் இருந்தார். திங்கட்கிழமை மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். பனியனோடு நாற்காலியில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார்.

"அண்ணா, இது உங்களோடதா?"

அவர் பார்த்தார். "எங்க கிடைச்சது?"

"குட்டியோட பென்சில் டப்பாவுல."

அவர் சிரித்தார். "டிராயர்லேர்ந்து உருண்டிருக்கும். குடு இப்படி."

"எப்படி உருளும்? டிராயரைப் பூட்டித்தானே வைப்பீங்க?"

"பூட்டித்தான் வெச்சிருக்கேன்," என்றார் அண்ணன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இதோ பாரு. தோட்டா தனியா இருந்தா அது வெறும் டப்பா. துப்பாக்கி தனியா இருந்தா அது வெறும் குழாய். ரெண்டையும் நான் ஒரு நாளும் ஒண்ணா வெச்சதில்ல. துப்பாக்கி பீரோவுல. தோட்டா தையல் மிஷின் டிராயர்ல. மாமியாரையும் மருமகளையும் பிரிச்சு வெச்ச மாதிரி வெச்சிருக்கேன். ரெண்டுக்கும் பூட்டு. நம்ம வீட்லயே பத்திரமான இடம் அந்த பீரோதான், தெரியுமா உனக்கு?"

"சாவி?"

"எங்கிட்டதான். சட்டைப்பையை விட்டு நகராது." பழக்கதோஷத்தில் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். தட்டியது வெறும் பனியன்.

சாவிக்காரி அந்தக் கையையே பார்த்தாள். "ரெண்டு சாவியும் ஒரே வளையத்துலயா?"

"பின்ன, ஆளுக்கொரு வளையமா போட்டுக்கிட்டுத் திரிவாங்க?"

"அப்ப அது ரெண்டு பூட்டு இல்லண்ணா. ஒரே பூட்டுதான். மீதி எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க."

அங்கேதான் வந்தது வினை. இருபத்திரண்டு வருஷம் பாங்கு வாசலில் நின்றவரை, முந்தாநாள் வரைக்கும் தன் விரலைப் பிடித்து நடந்தவள் எண்ணச் சொல்கிறாள். அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"என்னை எண்ணச் சொல்றியா நீ? மேனேஜரே என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. லைசன்ஸுக்குப் பத்து, பத்தும் இருக்கும். அதைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"எண்ணிக் காட்டுங்க. குடுத்துட்டுப் போறேன்."

"முடியாது."

"அப்ப நானும் தரமாட்டேன்."

அண்ணி சமையலறை வாசலிலிருந்து கையைப் பிசைந்தாள். அண்ணன் சொல்லக்கூடாததைச் சொன்னார். "அவ்வளவு பயமா இருந்தா உன் பிள்ளையை இங்க அனுப்பாதே."

"சரி," என்றாள் சாவிக்காரி. மகளின் மாற்றுடையையும் தண்ணீர் பாட்டிலையும் கொடியிலிருந்தும் மேடையிலிருந்தும் எடுத்துப் பைக்குள் போட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "அண்ணி, உங்க பொண்ணையும் வேணும்னா என்கூட அனுப்புங்க," என்றாள். அந்த ஒரு வாக்கியம் போதும், ஒரு குடும்பம் ரெண்டாகிப்போக.

அடுத்த மூன்று நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் குட்டி கடைக்கே வந்தாள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரும்பால் அடித்த ஒரு பெட்டி. உள்ளே ஒரு ஆள் நிற்கலாம், உட்கார வேண்டுமானால் முழங்காலை மடக்கி வெளியில் நீட்டிக்கொள்ள வேண்டும். சுவரெல்லாம் வெட்டாத சாவிகள் ஆணியில் தொங்கும். சாவி வெட்டுகிற மிஷின் ஓடினால் பித்தளைத் தூள் பறந்து கண்ணில் விழும். மகளை வெளியே குடைக்கு அடியில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார வைத்தாள். குட்டி மடியில் நோட்டை வைத்து எழுதினாள், வெயில் நகர நகர அவளும் பெட்டியோடு நகர்ந்தாள். வீட்டுப் பூட்டு திறக்கக் கூப்பிட்ட இடங்களுக்கு மகளையும் கையில் பிடித்துக்கொண்டு போனாள். ரெண்டு இடத்தில் முகத்தைச் சுளித்தார்கள், ஒரு இடத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தெரு சும்மா இருக்குமா? தையல்கடைக்காரி, "வளர்த்த அண்ணனையே சந்தேகப்படறியாமே," என்று குசலம் விசாரித்தாள். லாரியிலிருந்து கணவர் போன் போட்டு, "அவர்கிட்ட எதுக்கு வம்பு? கொஞ்சம் விட்டுக் குடேன்," என்றார். "எதை விட்டுக் குடுக்கணும்? குட்டியையா?" என்று கேட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

ராத்திரி படுத்தால் அவளுக்கும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. அண்ணன் கெட்டவராக இருந்தால் சண்டை சுலபம். அவர் நல்லவர். அதுதான் கஷ்டம். நல்லவர் வீட்டில் யாரும் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை சித்தப்பா போன் செய்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குடும்பத்தில் எங்கே புகைந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் வீட்டில் பேச்சுவார்த்தை என்று அவரே தேதி நேரமெல்லாம் குறித்துவிட்டார்.

அவள் போனாள். தோட்டாவை ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள். குட்டியும் வாலுவும் நாலு நாள் பிரிவை ஈடுகட்டுவதுபோல் பின்பக்கம் போய்க் கயிறு தாண்ட ஆரம்பித்துவிட்டார்கள். முன்னறையில் சித்தப்பா நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பனியனோடு எதிரில். ஜன்னல் வழியே பார்த்தால் கொடியில் அவருடைய காக்கிச் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்று அண்ணி காலையிலேயே துவைத்துப் போட்டிருந்தாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. ஒரு தோட்டா எப்படியோ வெளிய வந்திருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல சித்தப்பா. அதனாலதான் இப்ப வாயைத் திறந்து பேச முடியுது."

"அதுக்காக வளர்த்தவரை வாசல்ல வெச்சு அவமானப்படுத்தறதா? அண்ணன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேளு. தோட்டாவைக் குடு. நாளையிலேர்ந்து பிள்ளையை இங்க அனுப்பு. முடிஞ்சது கதை."

"கேக்கறேன்," என்றாள் சாவிக்காரி. "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. அண்ணா, அந்தச் சாவி உங்களைத் தவிர யாருக்கும் எட்டாது, இல்லையா?"

"எட்டாது," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சட்டைப்பையை விட்டு நகராதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

"எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதல்ல யாரைக் கேப்பேன்னு உங்களுக்குத் தெரியும்." அவள் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "குட்டி, இங்க வா."

குட்டி மூச்சு வாங்க வந்து நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"மாமாவோட பீரோ சாவி எங்க செல்லம் இருக்கும்?"

குட்டி மாமாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இது பள்ளிக்கூடத்தில் கேட்கிற மாதிரிக் கேள்வி, பதில் தெரியும், ஆனால் கேள்வியில்தான் ஏதோ குறைகிறது என்பதுபோல் புருவத்தைச் சுருக்கினாள்.

"எந்தக் கிழமை?" என்று கேட்டாள்.

பின்பக்கம் வாலு இன்னும் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

"துவைக்கிற கிழமைன்னா ஃப்ரிட்ஜ் மேல கிளிப் கிண்ணத்துல," குட்டி விரல் விட்டுச் சொன்னாள். "மாமா குளிக்கிறப்பன்னா கதவுக்குப் பின்னாடி கொக்கியில. மத்தியானம் தூங்கறப்பன்னா தலையணைக்கு அடியில, சுவர்ப் பக்கமா. ஆனா அது வேணாம், மாமா முழிச்சுக்குவார்."

"இன்னிக்கு?"

"இன்னிக்குத்தான் துவைச்சாச்சே."

சித்தப்பா தலையைத் திருப்பிக் கொடியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அண்ணி மெதுவாகப் போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். துணி கிளிப்புகளுக்கு நடுவில், ரெண்டு சாவி கோத்த வளையம். "நனைஞ்சா துருப்பிடிச்சிடுமேன்னு..." என்று சொல்லிக்கொண்டே அதை மேசையில் வைத்தாள்.

அண்ணன் தெரிந்து பொய் சொல்லவில்லை. சட்டை உடம்பில் இருந்தவரை சாவி அதன் பையை விட்டு நகரவில்லைதான். சட்டைதான் மூன்று வாரமாக அவர் உடம்பில் இல்லை. லீவில் இருக்கிறவருக்குப் பனியன் போதும், பனியனில் ஏது பை?

அண்ணன் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி. சாவி கிடைச்சாத்தான் என்ன? துப்பாக்கி காலி. ஒவ்வொரு சாயங்காலமும் பாங்கு வாசல்ல குழலைத் திறந்து மேனேஜர்கிட்ட காட்டிட்டுத்தான் படியிறங்குவேன். வீட்டுக்கு வந்தா மேலாப்புல எண்ணெய்த் துணி போட்டுத் துடைக்கிறதோட சரி. எண்ணணும், அவ்வளவுதானே? எண்ணிடறேன்."

அவர் தையல் மிஷின் டிராயரைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நிற்க வைத்தார். சிவப்புச் சிவப்பாக வரிசை கட்டி நின்றன. கேஷியர் எண்ணுவதைப் பார்த்துப் பழகியவர், வாய்விட்டு எண்ணினார். எட்டில் நின்றது. டிராயருக்குள் கையை விட்டுத் துழாவினார். நூல்கண்டும் பித்தானும்தான் கையில் வந்தன.

சாவிக்காரி மிட்டாய் டப்பாவைத் திறந்து, தன் கையிலிருந்ததையும் வரிசையில் வைத்தாள். "ஒன்பது."

"ஒன்பதுதான் இருந்திருக்கும்," என்றார் சித்தப்பா அவசரமாக.

"பத்து," என்றார் அண்ணன்.

அவர் பீரோவைத் திறந்தார். துப்பாக்கியை வெளியே எடுத்தபோது சாவிக்காரி மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். "அந்த மூலைச் சுவரைப் பார்த்துத் திறங்கண்ணா," என்றாள். நாலு நாளுக்கு முன்னால் இப்படிச் சொல்லியிருந்தால் அவர் எகிறியிருப்பார். இப்போது சொன்னபடி மூலைப்பக்கம் திருப்பினார். கட்டைவிரலால் விசையைத் தள்ளினார். துப்பாக்கி நடுவில் மடங்கித் திறந்தது. இரண்டு ஓட்டைகளும் இருட்டாகத் தெரிய வேண்டும். ஒன்று இருட்டாக இருந்தது. இன்னொன்றில் பித்தளை மின்னியது.

கயிறு தாண்டும் சத்தம் நின்றிருந்தது. வாலு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நான்தான்ப்பா வெச்சேன்," என்றாள். திட்டு விழுமென்று குரல் இறங்கியிருந்தது. "கடை விளையாட்டுக்கு ரெண்டு எடுத்தோம். ஒண்ணைக் குட்டி எடுத்துட்டுப் போயிட்டா. இன்னொண்ணும் தொலைஞ்சிடக் கூடாதேன்னு, விசையைத் தள்ளித் திறந்து அதுக்குள்ளயே வெச்சுட்டேன். அது சரியாப் பொருந்திச்சு."

"எதுக்கும்மா அதுல?" என்றாள் அண்ணி.

"நம்ம வீட்லயே பத்திரமான இடம் அந்த பீரோதான்னு அப்பாதானே சொல்வாங்க."

சாவிக்காரிக்கு ஜெயித்த சந்தோஷம் துளியும் வரவில்லை. கோபம்தான் கொதித்தது. எண்ணுவதற்கு ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷம் புதன்கிழமையே கிடைத்திருந்தால், நாலு நாள் ஒரு பிள்ளை அந்தப் பீரோவுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்க மாட்டாள்.

சித்தப்பாவுக்கு வேறு வேலை இல்லை. "எப்படியோ, யாருக்கும் ஒண்ணும் ஆகாம..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க சித்தப்பா," என்றார் அண்ணன்.

அவர் தோட்டாவை உருவி எடுத்துப் பத்தாவதாக வரிசையில் வைத்தார். வைக்கும்போது அது சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார், மறுபடி சாய்ந்தது. அப்படியே விட்டுவிட்டு, மடக்க முடியாத முழங்காலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் எண்ணெய் போட்டிருப்பேன்," என்றார், தங்கையைப் பார்க்காமல். "நாளைக்கு டூட்டி இல்லையா. நான் பின்பக்கம் துடைப்பேன். ஆடாம இருக்க முன்பக்கத்தை இவதான் பிடிச்சுக்குவா. நெஞ்சோட அணைச்சு." வாலுவைக் காட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. சாவிக்காரி பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

பீரோவுக்கும் டிராயருக்கும் அன்றைக்கே புதுப் பூட்டு மாட்டினாள். பத்துத் தோட்டாவும் ஒரு பூட்டிய இரும்புப் பெட்டியில் ஏறின. அந்தச் சாவியை வாங்கி அவள் தன் கடைக்குக் கொண்டுபோய்விட்டாள். ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. பூட்டு என்றால் என்ன என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? மறுநாள் அண்ணனோடு பாங்குக்கே போனாள். பணம் வைக்கிற அறையில் ராத்திரி துப்பாக்கியையும் வைத்துப் பூட்ட வேண்டும் என்றாள். மேனேஜர் இடமில்லை என்றார், இதுவரை அப்படி வழக்கமில்லை என்றார், மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். "கேளுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு, காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று நாள், கடையைச் சாத்திவிட்டு, ஒற்றைக் காலில் நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் மேலிடம் சரி என்றது. துப்பாக்கிக்கும் தோட்டாப் பெட்டிக்கும் இடம் கிடைத்தது, பழைய லெட்ஜர்களுக்குப் பக்கத்தில்.

அன்றிலிருந்து அண்ணன் வெறுந்தோளோடு வீட்டுக்கு நடந்தார். முதல் வாரம் தெரு அவரைப் பிய்த்து எடுத்தது. "என்ன டபுள், வீட்ல பிடுங்கி வெச்சுட்டாங்களா?" என்று கேட்டார்கள். அவர் நேராக வந்து, தங்கை கடைமுன் பழைய ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். குட்டியும் வாலுவும் மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுதி முடித்ததும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

சாவிக்காரியிடம் ஒரு புது வழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது பீரோ சாவியை நீட்டி இன்னொன்று வெட்டித் தரச் சொன்னால், "உள்ள துப்பாக்கி ஏதாவது இருக்கா?" என்று கேட்பாள். நிறையப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் முறைப்பார்கள். முறைத்தால் அவளும் முறைப்பாள். வாடிக்கை போனால் போகட்டும் என்று இருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல சட்டை போட்ட ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வண்டியின் முன்பக்கம் நாலு வயசுப் பையன் உட்கார்ந்திருந்தான். அவர் நீட்டிய வளையத்தில் ரெண்டு சாவி இருந்தன.

"இதுல பெரிசுக்கு இன்னொண்ணு வெட்டிக் குடும்மா. அடிக்கடி எங்க வெச்சேன்னு தேடவேண்டியிருக்கு."

"உள்ள துப்பாக்கி இருக்கா?"

"இருக்கு. காட்டுப்பக்கம் தோட்டம் வெச்சிருக்கேன், பன்னி வரும். ஏன்?"

"வீட்ல பிள்ளைங்க இருக்கிற இடத்துக்குத் துப்பாக்கிச் சாவி ரெண்டா வெட்ட மாட்டேன். ஒண்ணே இருக்கட்டும். அதையும் தனி வளையத்துல போட்டு உடம்போட வெச்சுக்குங்க."

அவர் முகம் கறுத்தது. "வெட்டறதுதானே உன் வேலை? என் வீட்டைப் பத்தி உனக்கு என்ன? இவனுக்கு அந்தப் பீரோ பக்கம் போகவே தெரியாது. சாவி எங்க இருக்குன்னே எம்பிள்ளைக்குத் தெரியாது."

சாவிக்காரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வந்தவருக்குப் பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காக்கிச் சட்டையோடு முன்னால் வந்து நின்றார்.

"எந்தக் கிழமைல தெரியாது?" என்று கேட்டார்.

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க," என்றார். "என் பொண்ணு அங்க எழுதிட்டிருக்கா பாருங்க. அவளைப் பத்திச் சொல்றேன்."